வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்குரைஞர், தொழிற்சங்கத் தலைவர், தமிழறிஞர், நூலாசிரியர் ஆவார். வ. உ. சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இவர், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே இந்தியர்களின் முதலீட்டில் கப்பல் நிறுவனம் தொடங்கியதால் கப்பலோட்டிய தமிழன் என்றும், கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுக்க வைக்கப்பட்டதால் செக்கிழுத்த செம்மல் என்றும் போற்றப்படுகிறார். தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் இவர் பெயரால் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என வழங்குகிறது.

கப்பல் நிறுவனமும் சிறை வாழ்க்கையும் பலரும் அறிந்தவை. இளமையில் இவர் வில்வித்தை, சிலம்பம், மற்போர், நீச்சல், குதிரையேற்றம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றிருந்தார் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

வ. உ. சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வழக்குரைஞர் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள். வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சி ஒட்டப்பிடாரத்திற்கு அருகில் உள்ளது. கட்டபொம்மன் 1799ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு 73 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் வ. உ. சி. பாளையக்காரர் போர் பற்றிய நினைவு அவ்வட்டாரத்தில் மறையாதிருந்த காலம் அது.

இவர் ஆறாம் வயதில் வீரப்பெருமாள் அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். பாட்டியாரிடம் சிவபெருமானைப் பற்றிய கதைகளையும், பாட்டனாரிடம் இராமாயணக் கதைகளையும் கேட்டு வளர்ந்தார். வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரிந்த கிருஷ்ணன் என்பவர் இவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் தூத்துக்குடியில் புனித சவேரியார் உயர்நிலைப் பள்ளியிலும் கால்டுவெல் உயர்நிலைப் பள்ளியிலும், திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார்.

இளமை விளையாட்டுகள்

வ. உ. சி. தமது வாழ்க்கை வரலாற்றைச் செய்யுள் வடிவில் எழுதியுள்ளார். பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளை ஏற்று எழுதப்பட்ட அந்நூல், இவருடைய இளமைக்காலம் பற்றிய முதன்மையான சான்றாகும். கோலி, சடுகுடு, குதிரையேற்றம், நீச்சல், கழியில் நடத்தல், வில்வித்தை, மற்போர், சிலம்பாட்டம், சதுரங்கம் ஆகியவை இவர் இளமையில் ஈடுபட்ட விளையாட்டுகளாகும்.

இப்பட்டியலில் மூன்று வகைகளைக் காணலாம். கோலியும் சடுகுடுவும் தெருவில் ஆடப்படுபவை. சதுரங்கம் அறிவுக்கு உரியது. வில், சிலம்பம், மற்போர், குதிரையேற்றம் ஆகியவை முற்காலத்தில் போர்ப் பயிற்சியாக இருந்தவை. பாளையக்காரர் படைகள் கலைக்கப்பட்டு, மக்கள் படைக்கலம் வைத்திருப்பதை ஆங்கிலேய அரசு கட்டுப்படுத்திய பின், இக்கலைகள் சிற்றூர்களில் விளையாட்டாகவே எஞ்சின. வில்லைப் பொறுத்தவரை, தென்மாவட்டங்களில் அது மற்றொரு வடிவிலும் நிலைத்தது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளின் வில்லுப்பாட்டில், நாணில் மணிகள் கட்டிய பெரிய வில்லே முதன்மை இசைக்கருவியாகும்.

வில்வித்தையின் தொடக்கப் பயிற்சி

வ. உ. சி.யின் காலத்து ஊர்ப்புற வில்லும் இன்றைய போட்டிகளில் பயன்படும் வில்லும் ஒன்றல்ல. மூங்கில் போன்றவற்றால் செய்யப்படும் எளிய வில், நாண் ஏற்றியதும் ஒரே வளைவாக வளையும். இன்று ரிகர்வ் எனப்படும் வில்லில் இரு முனைகளும் எய்பவருக்கு எதிர்ப்புறமாகத் திரும்பி வளைந்திருக்கும். இதனால் அதே நீளமுள்ள நேர்வில்லைவிடக் கூடுதல் ஆற்றலைச் சேமித்து அம்புக்கு அளிக்கிறது. இவ்வகை வில் ஆசியாவில் மிகப் பழங்காலம் முதல் வழக்கில் உள்ளது. வில்வித்தை 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டது முதல் 2024 பாரிஸ் போட்டிகள் வரை ஒலிம்பிக்கில் ரிகர்வ் வில் மட்டுமே பயன்படுத்தப்பட்டது. இந்திய வில்வித்தைச் சங்கம் 1973ல் தொடங்கப்பட்டது.

வில் எதுவாயினும், கற்பவர் கடக்க வேண்டிய படிகள் பெரும்பாலும் பொதுவானவை.

முதலில் தம் வலுவுக்கு ஏற்ற மென்மையான வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய ரிகர்வ் வில்லில் வயதுவந்த தொடக்க நிலையினர் பெரும்பாலும் 20 பவுண்டு அளவிலான இழுவிசையுடன் தொடங்குவர். தொடக்கத்திலேயே கடினமான வில்லை எடுப்பவர் தோளை உயர்த்தியும் உடலைச் சாய்த்தும் இழுக்கப் பழகிவிடுவார். அப்பழக்கத்தை நீக்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எந்தக் கண் முதன்மையானது என்பதையும் முன்பே அறிய வேண்டும். வலக்கண் முதன்மையானவர் பொதுவாக வில்லை இடக்கையில் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பார்.

அடுத்து நிற்கும் நிலை. இலக்குக்குப் பக்கவாட்டில், கால்களைத் தோளகலத்திற்கு விரித்து, உடல் எடை இரு கால்களிலும் சமமாக விழுமாறு நிற்க வேண்டும். சுட்டுவிரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் அம்புக்குக் கீழும் நாணைப் பற்றுகின்றன. நாணைக் கையின் வலுவால் மட்டும் இழுக்காமல் முதுகுத் தசைகளால் இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை தாடையின் கீழ் அதே இடத்தில் வந்து நிலைபெற வேண்டும். அவ்விடம் சிறிது மாறினாலும் அம்பு விழும் இடம் பெரிதும் மாறும். இறுதியாக, விரல்களை விரிக்க முயலாமல் தளர்த்தினால் நாண் தானே நழுவிச் செல்லும். அம்பு இலக்கை அடையும் வரை வில் பிடித்த கை அசையாதிருக்க வேண்டும்.

பயிற்சியின் முதல் நாட்களில் மிக அருகிலுள்ள வெற்று வைக்கோல் பலகையில், குறி எதுவும் இன்றி எய்வது வழக்கம். குறி இருந்தால் கற்பவரின் கவனம் உடல் நிலையை விட்டுக் குறியின் மீது சென்றுவிடும். ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர் தொலைவில் உள்ள 122 செ.மீ. விட்டமுள்ள இலக்கில் எய்கின்றனர். அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. அந்நிலையை அடைய ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவை.

பாதுகாப்பு விதிகள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே கற்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. வில்லின் ஆற்றல் முழுவதும் வில்லையே தாக்கி அதை உடைக்கக்கூடும். இழுக்கும் அளவைவிடக் குட்டையான அம்பைப் பயன்படுத்தக்கூடாது. அனைவரும் எய்து முடிக்கும் வரை எவரும் இலக்கை நோக்கிச் செல்லக்கூடாது. முன்கைக் காப்பும் விரலுறையும் அணிவது நாணால் ஏற்படும் காயத்தைத் தடுக்கும்.

வழக்குரைஞர் பணி

பள்ளிக் கல்விக்குப் பின் வ. உ. சி. சிறிது காலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894ல் தேர்வில் தேறி, 1895ல் ஒட்டப்பிடாரத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். அதே ஆண்டில் வள்ளியம்மையை மணந்தார். பார்வையற்றவரும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவருமான இராமைய தேசிகரைத் தம் வீட்டில் வைத்து உணவளித்து ஆதரித்தார். வள்ளியம்மையும் இதற்கு உடன்பட்டு உதவினார். வள்ளியம்மை மறைந்த பின் 1901ல் மீனாட்சியம்மையை மணந்தார்.

குற்றவியல் வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடியதால் காவல்துறையினரின் பகைக்கு ஆளானார். 1900ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம்

தூத்துக்குடி பண்டுதொட்டு முத்துக்குளிப்புக்கும் கடல் வணிகத்திற்கும் பெயர்பெற்ற ஊர். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வணிகர்களும், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களும் இடையறாது சென்று வந்தனர். எனினும் இப்போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. 1905ல் வங்கப் பிரிவினையைத் தொடர்ந்து எழுந்த சுதேசி இயக்கம் வ. உ. சி.யை ஈர்த்தது. துணி, உப்பு போன்றவற்றுடன் நின்றிருந்த சுதேசிக் கொள்கையை இவர் கடல் போக்குவரத்துக்கும் கொண்டு சென்றார்.

அக்டோபர் 16, 1906 அன்று சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. இதன் முதலீடு 10 இலட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் வெளியிடப்பட்டன. ஆசிய நாட்டவர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என விதிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் நிறுவனத்தின் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் அளித்தார். வ. உ. சி. உதவிச் செயலாளராக இருந்து நிறுவனத்தை இயக்கினார்.

நிறுவனத்திற்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் என்னும் நிறுவனத்திடம் வாடகைக்குக் கப்பல் பெறப்பட்டது. எதிர் நிறுவனத்தின் அழுத்தத்தால் அவ்வாடகை ஒப்பந்தம் முறிந்தது. வாடகைக் கப்பலை நம்பியிருக்கும் வரை இந்நிலை மாறாது என உணர்ந்த வ. உ. சி., சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய் சென்றார். அம்முயற்சியின் பயனாக காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டு 1907ல் தூத்துக்குடி வந்தன. ஒவ்வொரு கப்பலிலும் ஏறத்தாழ 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும், முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் சிலரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

இதன்பின் கட்டணப் போட்டி மூண்டது. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தபோது சுதேசி நிறுவனம் எட்டணாவாகக் குறைத்தது. ஆங்கிலேய நிறுவனம் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் அளிக்க முன்வந்தது. பெரும் முதலீடு கொண்ட நிறுவனம் நட்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கும். பொதுமக்களின் பங்குப் பணத்தில் இயங்கும் நிறுவனத்தால் அவ்வாறு தாங்க இயலாது. அரசு அலுவலர்களும் சுதேசிக் கப்பலுக்கு இடையூறு செய்தனர். பின்னாளில் நிறுவனம் வீழ்ந்ததற்கு இவையும், வ. உ. சி. சிறைப்பட்டதும் காரணங்களாகும்.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

1907 டிசம்பரில் சூரத் நகரில் நடந்த காங்கிரசு மாநாட்டில் வ. உ. சி. திலகரின் அணியில் நின்றார். 1908ன் தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடி வந்து சேர்ந்தார். இருவரும் கடற்கரையில் நடத்திய கூட்டங்களுக்குத் தொழிலாளர்கள் திரளாக வந்தனர்.

பிப்ரவரி 27, 1908 அன்று தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு, வார விடுமுறை ஆகியவற்றைக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் தலைமை தாங்கினர். வேலையிழந்தோரின் உணவுக்காக நிதி திரட்டப்பட்டது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசியவருக்கு முடிதிருத்தும் தொழிலாளர் சவரம் செய்ய மறுக்கும் அளவுக்கு நகர மக்களின் ஆதரவு இருந்தது. ஒன்பது நாட்களில் ஆலை நிர்வாகம் கோரிக்கைகளை ஏற்றது. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககால வெற்றிகளுள் இதுவும் ஒன்றாகும்.

கைதும் தண்டனையும்

விபின் சந்திர பாலின் விடுதலையை மார்ச் 9, 1908 அன்று தடையை மீறிக் கொண்டாடியதைத் தொடர்ந்து, வ. உ. சி.யும் சிவாவும் மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் முதலியவை தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியிலும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர்.

வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே ஜூலை 7, 1908 அன்று தீர்ப்பு வழங்கினார். அரச நிந்தனைக்காக 20 ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டுகளும் வ. உ. சி.க்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டு, இறுதி வரை குணமடையவில்லை. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது.

சிறை வாழ்க்கை

வ. உ. சி. ஜூலை 9, 1908 முதல் டிசம்பர் 1, 1910 வரை கோயம்புத்தூர்ச் சிறையிலும், பின்னர் கண்ணூர்ச் சிறையிலும் அடைக்கப்பட்டிருந்தார். அரசியல் கைதியாக அல்லாமல் கொடுங்குற்றவாளியாகவே நடத்தப்பட்டார். கோயம்புத்தூரில் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைக் கையால் சுற்றும் வேலை அளிக்கப்பட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. அதன் பின் மாடுகள் இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை வெயிலில் இழுக்க வைக்கப்பட்டார். இளமையில் வில்லும் சிலம்பும் பழகி உரம்பெற்றிருந்த உடல் இச்சிறை வாழ்வில் நலிந்தது. இவர் இழுத்த கல் செக்கு, சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

சிறையில் இருந்தபோதும் நூல்களைப் படித்தும், செய்யுள் இயற்றியும், ஜேம்ஸ் ஆலன் நூல்களை மொழிபெயர்த்தும் வந்தார். இவர் சிறையில் இருந்த காலத்திலேயே, ஜூன் 17, 1911 அன்று மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் மாவட்ட ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டு, கப்பல்கள் விற்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்

வ. உ. சி. டிசம்பர் 24, 1912 அன்று விடுதலையானார். கைதானபோது இரு நகரங்கள் கொந்தளித்தன. கண்ணூர்ச் சிறை வாயிலில் வரவேற்க வந்தவர்களோ மிகச் சிலர். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி முன்னரே விடுதலையான சுப்பிரமணிய சிவா அவர்களுள் ஒருவர்.

வழக்குரைஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்ததால் இவருக்கு வருவாய் இல்லை. சென்னையில் தங்கி அரிசி, மண்ணெண்ணெய் முதலியவற்றை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் இவருக்காகத் திரட்டிய பணம் தொடர்பாக 1915, 1916 ஆண்டுகளில் காந்தியடிகளுடன் கடிதத் தொடர்பு கொண்டார். இறுதியில் 347 ரூபாய் இவரை வந்தடைந்தது. சென்னையில் தொழிற்சங்கப் பணிகளிலும் ஈடுபட்டார். ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க இயலாததால் 1920ல் காங்கிரசிலிருந்து விலகினார்.

பின்னர் நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் வழக்குரைஞர் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவில்பட்டியில் தொழில் நடத்திய பின், 1930களில் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

தமிழ்ப்பணி

ஜேம்ஸ் ஆலன் நூல்களின் மொழிபெயர்ப்புகளாக மனம்போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் ஆகியவற்றை வெளியிட்டார். மெய்யறம், மெய்யறிவு, பாடற்றிரட்டு ஆகியவை இவருடைய சொந்தப் படைப்புகள். மெய்யறம் மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளைக் கொண்டது. உடம்பை வளர்ப்பதையும் மனத்தை ஆள்வதையும் மாணவரின் கடமைகளாக மாணவரியல் கூறுகிறது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

மறைவும் நினைவும்

வ. உ. சி. நவம்பர் 18, 1936 அன்று தூத்துக்குடியில் காலமானார். அவருடைய விருப்பப்படி இறுதி நேரத்தில் காங்கிரசு அலுவலகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய தன்வரலாறு 1946ல் நூலாக வெளிவந்தது.

1961ல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில், சிவாஜி கணேசன் வ. உ. சி.யாக நடித்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படம் வெளியானது. நூற்றாண்டையொட்டி செப்டம்பர் 5, 1972 அன்று இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் கல்லூரி 1951 முதல் இயங்கி வருகிறது. 1986ல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்திற்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 1997ல் மாவட்டங்களின் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று.

இவர் காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரை ஆழமற்று இருந்ததால், நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும் படகுகளில் கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரிய கப்பல்கள் கரையை அணையத்தக்க புதிய துறைமுகம் பின்னாளில் கட்டப்பட்டு, ஜூலை 11, 1974 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அத்துறைமுகமே 2011ல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது.